நகராட்சியில் வேலை, அதே ஊரில் வீடு: என் தெருவுக்காக நான் பேசலாமா?

கேள்வி: நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குடியிருப்பதும் அதே ஊரில்தான். மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்குகிறார்கள். "நீங்கதான் மேடம் செயலாளரா இருக்கணும், உங்களுக்குத்தான் ஆபீஸ் விஷயம் தெரியும்" என்கிறார்கள். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபா கூட்டத்துக்கும் கூப்பிடுகிறார்கள். எங்கள் மேலாளரிடம் கேட்டேன். "நமக்கெதுக்கும்மா இந்த வேலை? நாளைக்கு செவன்டீன் பி வந்தா யார் பதில் சொல்றது?" என்றார். ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணையைத்தான் அப்படிச் சொல்கிறார். போனால் வேலைக்கு ஆபத்தா? எங்களைப் போன்ற உள்ளாட்சி ஊழியர்கள் பொதுக் காரியங்களில் எதுவரைக்கும் ஈடுபடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். பகுதி சபாவுக்குத் தாராளமாகப் போங்கள். சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். செயலாளர் பொறுப்பை, எழுத்தில் அனுமதி கிடைக்கும்வரை ஏற்காதீர்கள். பொருளாளர் பொறுப்பை அனுமதி கிடைத்தாலும் ஏற்காதீர்கள்.

நகராட்சி அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் நடமாடுகிற மேசை அது. அங்கே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: தன் தெருவுக்குச் சாக்கடை வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டதற்காக மட்டும் யாருக்கும் குறிப்பாணை போய் நான் பார்த்ததில்லை. குறிப்பாணை போன கோப்புகளில் வேறு ஏதோ ஒன்று கூடவே இருக்கும். கட்சி இருக்கும், வசூல் இருக்கும், கோப்பிலிருந்து வெளியே போன ஒரு காகிதம் இருக்கும், அல்லது "நான் யார் தெரியுமா" என்று பதவியைக் காட்டி யாரையாவது மிரட்டியது இருக்கும். இந்த நான்கும் இல்லாத இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் மேலாளர்மீது கோபப்பட வேண்டாம். அவர் வயதை ஒத்தவர்கள் 2003 ஜூலையைப் பார்த்தவர்கள். வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் டெஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பாலானோர் திரும்பச் சேர்க்கப்பட்டாலும், அந்த நாட்களின் நடுக்கம் அலுவலகங்களில் அப்படியே தங்கிவிட்டது. "எதிலும் தலையிடாதே" என்பது ஒரு தலைமுறையின் அறிவுரையானது அப்படித்தான்.

ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொன்னதை நம் அலுவலகங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பீகார் அரசு, தன் ஊழியர்கள் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி போட்டிருந்தது. அரசு வேலையில் சேர்வதாலேயே ஒருவர் தன் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று சொல்லி, ஆர்ப்பாட்டத்துக்கு ஒட்டுமொத்தமாகத் தடை போட்ட பகுதியை நீதிமன்றம் ரத்து செய்தது. வேலைநிறுத்தம் வேறு, பேசும் உரிமை வேறு. நீங்கள் கேட்பதோ இவை இரண்டையும்விட எளிமையான விஷயம்: சட்டமே ஏற்படுத்தி வைத்திருக்கிற ஒரு கூட்டத்துக்குப் போவது.

பகுதி சபா எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை. கிராமங்களுக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திலிருந்தே கிராம சபை இருக்கிறது. இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரத்து மக்களுக்கு அப்படி ஒன்று நெடுங்காலம் நடைமுறையில் இல்லை. 2022இல்தான் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுவதும் பகுதி சபாக்கள் கூடின. முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்தார். வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர் என்கிறது ஏற்பாடு. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது அல்லவா? அப்படியானால் அழைப்பை எதிர்பார்த்து நிற்கிற விருந்தாளி அல்ல நீங்கள், உறுப்பினர்.

சரி, போய் எப்படிப் பேசுவது? இதில்தான் கவனம் வேண்டும்.

அலுவலக அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பேச எழுந்ததும், "நான் நகராட்சியில் வேலை பார்க்கிறேன், ஆனால் இங்கே இந்தத் தெருவில் குடியிருப்பவளாகப் பேசுகிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். மறைத்தால் பின்னால் யாராவது அதைத் தோண்டி எடுப்பார்கள். அப்புறம் தெருவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பேசுங்கள்: எந்த வீட்டிலிருந்து எந்த வீடுவரை தண்ணீர் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் எந்த வழியாகச் சுற்றிப் போகிறார்கள். "இன்ன பொறியாளர் வேலையே பார்ப்பதில்லை", "ஆணையர் கண்டுகொள்வதில்லை", "அரசு பணமே ஒதுக்குவதில்லை" என்ற திசைக்குப் போகாதீர்கள். அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் பொதுவெளியில் குறைகூறுவதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. அரசுப் பணியாளர்களுக்கான அந்த விதிகள் 1973இல் வந்தவை. உள்ளாட்சி ஊழியர்களையும் அலுவலகங்கள் அதே அளவுகோலால்தான் பார்க்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் அரசைத் திட்டலாம், அது அவருடைய உரிமை. நீங்கள் அவருக்குப் பதிலும் சொல்ல வேண்டாம், கைதட்டவும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வார்டு கூட்டத்துக்கே உங்களைக் குறிப்பெடுக்கும் பணிக்குப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்படி உத்தரவு வந்தால், "அது நான் குடியிருக்கும் பகுதி, வேறு வார்டுக்கு மாற்றித் தாருங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகம் எழுதுகிறவரே கோரிக்கையும் வைத்தால், நாளைக்கு எதிர்த்தெருக்காரர் எழுப்பும் கேள்விக்குப் பதில் இருக்காது. பகுதியின் பிரதிநிதியாக உங்கள் பெயரை யாராவது முன்மொழிந்தாலும் மறுத்துவிடுங்கள். வார்டு குழுவில் உட்கார்ந்து உங்கள் அலுவலகத்தையே கேள்வி கேட்கும் இடத்துக்கு நீங்கள் போவது யாருக்கும் நல்லதல்ல.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "உங்களுக்குத்தான் ஆபீஸ் விஷயம் தெரியும்" என்று தெருக்காரர்கள் சொன்னார்களே, அது உண்மை. அவர்கள் எதிர்பார்ப்பது ஒருவேளை சிபாரிசாக இருக்கலாம். நீங்கள் கொடுக்க வேண்டியது நடைமுறை அறிவு. ஒரு வேலை அலுவலகத்துக்குள் எப்படி நகர்கிறது என்பது வெளியில் இருக்கிற நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. தெரியாததால்தான் நல்ல கோரிக்கைகள் வீணாகப் போகின்றன.

உதாரணம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில், நவம்பரில் தண்ணீர் நிற்கும்போதுதான் எல்லோரும் மனு எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் அலுவலகம் செய்யக்கூடியது மோட்டார் வைத்து இறைப்பதும் அடைப்பு எடுப்பதும்தான். நிரந்தர வடிகால் என்பது பண ஒதுக்கீடு சம்பந்தப்பட்டது. வரவு செலவுத் திட்டம் மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் நிறைவேற வேண்டும். பிரிவுகள் அதற்கான கணக்குகளைச் சில மாதங்களுக்கு முன்பே போடத் தொடங்கிவிடும். மழை விட்ட கையோடு, தண்ணீர் நின்ற படங்களுடன், பகுதி சபா தீர்மானத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கணக்கில் உங்கள் தெரு இடம்பிடிக்கும். ஏப்ரலில் கொடுத்தால் பெரும்பாலும் "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பதில்தான் வரும்.

அதேபோல, அந்த வடிகால் யாருடையது என்ற கேள்வி. தெருச் சாக்கடை நகராட்சியுடையதாக இருக்கும். அது போய்ச் சேரும் சாலையோரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அதற்கும் அப்பால் உள்ள ஓடை நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். அடைப்பு கடைசி இடத்தில் இருந்தால், நகராட்சிக்கு எத்தனை மனு போட்டாலும் தண்ணீர் வடியாது. மனு எழுதுவதற்கு முன் தண்ணீர் போகும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்காரர்களோடு நடந்தே பாருங்கள். பிறகு உதவிப் பொறியாளர் மட்டம் எடுப்பது, மதிப்பீடு தயாரிப்பது, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படிகளைச் சொல்லிக் கொடுங்கள். இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்த தெருவுக்கு அலுவலகம் ஒழுங்காகப் பதில் சொல்லும்.

"இதைச் சொல்வது ரகசியத்தை வெளியிடுவது ஆகாதா?" என்று உங்களுக்குத் தோன்றும். ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தன் 4ஆவது பிரிவில், ஒவ்வொரு அலுவலகமும் தன் அமைப்பு, கடமைகள், முடிவெடுக்கும் நடைமுறை உட்பட 17 வகை விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. நடைமுறை எல்லோருக்கும் சொந்தமானது. கோப்பு அப்படி அல்ல. உங்கள் கைக்கு வந்த கோப்பில் என்ன குறிப்பு எழுதியிருக்கிறது, எந்த ஒப்பந்ததாரர் எவ்வளவு போட்டிருக்கிறார், யார் வீட்டுக்கு வரி பாக்கி என்பதையெல்லாம் தெருவில் வாய் திறந்து சொல்லவே கூடாது. ஒரு கோப்பின் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு போடப்பட்டாலும், செவன்டீன் பி வருவதற்கு அது போதும். விவரம் வேண்டுமென்றால் சங்கத்தில் ஒருவர் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் கேட்டு மனுப் போடட்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் காரணம் கேட்க முடியாது. மனுவின் வாசகத்தை எழுத உதவலாம். ஆனால் கோப்பில் பார்த்த எண்ணை மனுவில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த எண் எங்கிருந்து வெளியே போனது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது.

அடுத்து சங்கம். குடியிருப்போர் நலச் சங்கங்களைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவு செய்கிறார்கள். உறுப்பினராக இருப்பதில் சிக்கல் இல்லை. ஊதியம் இல்லாத சமூகப் பணியையும் அறப்பணியையும், அலுவலக வேலை கெடாதவரை, நடத்தை விதிகள் தடுப்பதில்லை. நிர்வாகப் பொறுப்பு, அதிலும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படும் பொறுப்பு என்று வரும்போதுதான் முன் அனுமதி தேவைப்படுகிறது. உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. சங்கத்தின் செயலாளர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? பெரும்பாலும் உங்கள் ஆணையருக்கு. நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தை நீங்களே தபால் பிரிவில் பதிவு செய்து, உங்கள் பிரிவிலேயே கோப்பு எழுதும் நிலை வரலாம். அதனால் செயலாளராக வேறொருவர் இருக்கட்டும். நீங்கள் செயற்குழுவில் இருந்தால் போதும் என்பது என் கருத்து. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது தெருவில் இருப்பார். அவருக்கு நேரமும் இருக்கும், கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

எப்படியிருந்தாலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழி அனுமதி அனுமதியே அல்ல. "போம்மா, பார்த்துக்கலாம்" என்ற ஆணையர் மாற்றலாகிப் போனபின் வருகிறவர் அதை அறியமாட்டார். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"நான் குடியிருக்கும் இன்ன தெருவில் பதிவு செய்யப்படும் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினராக இருக்க விரும்புகிறேன். இச்சங்கம் அரசியல் கட்சி, சாதி, மதம் சார்பற்றது. ஊதியமோ மதிப்பூதியமோ பெறமாட்டேன். நிதி வசூலிலும் வங்கிக் கணக்கிலும் பங்கேற்கமாட்டேன். சங்கப் பணி அலுவலக நேரத்துக்குப் புறம்பாகவே இருக்கும். இச்சங்கம் தொடர்பான கோப்புகளை நான் கையாளாதவாறு பணி ஒதுக்கீடு செய்யவும், அனுமதி வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

உரிய வழியில், மேலாளர் மூலமாகவே அனுப்புங்கள். நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரத் தாமதமானால் நினைவூட்டு கொடுங்கள். அதுவரை சாதாரண உறுப்பினராகவே இருங்கள். சங்கத்தின் துணைவிதியில், கட்சி மேடைகளுக்குச் சங்கத்தின் பெயர் போகாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

பொருளாளர் வேண்டாம் என்றேனே, அதற்கு விளக்கம். அரசு ஊழியர் அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டக் கூடாது என்பது பழைய விதி, நல்ல விதி. நீங்கள் நகராட்சியில் இருப்பவர். ஒரு கடைக்காரரிடம் ரசீதுப் புத்தகத்தோடு போனால், அவர் கொடுக்கும் 500 ரூபாய் தெருவுக்காகக் கொடுப்பதா, தன் தொழில் உரிமத்துக்காகக் கொடுப்பதா என்று அவருக்கே தெரியாது. "நமக்கு நாமே" திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மக்கள் பங்காக ஒரு பகுதியைத் திரட்டினால் மீதியை அரசு போடும் என்பது நல்ல ஏற்பாடு. குளம் தூர்வார, பூங்கா அமைக்க, பள்ளிக்குச் சுவர் கட்ட அதைப் பயன்படுத்தச் சொல்லித் தெருவுக்கு யோசனை சொல்லுங்கள், விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். உங்கள் பங்கை நீங்களும் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். மற்றவர்களிடம் பணம் வாங்க மட்டும் உங்கள் கை நீளக் கூடாது.

கட்சி விஷயத்தில் விதி மிகத் தெளிவானது, நீட்டி எழுதத் தேவையில்லை. கட்சியில் உறுப்பினராகக் கூடாது, பிரசாரம் கூடாது, வேட்பாளருக்கு முகவராக உட்காரக் கூடாது. வாக்களிக்கலாம், யாருக்கு என்று வெளியே காட்டக் கூடாது. வண்டியிலோ வீட்டு வாசலிலோ சின்னம் ஒட்டினாலும் அது செல்வாக்கைப் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படும். அரசு ஊழியர் வேட்பாளரின் முகவராகச் செயல்பட்டால் 3 மாதம்வரை சிறைத் தண்டனை உண்டு என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் அட்மினாக இருந்தால் இன்றே அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள். தேர்தல் நேரத்தில் அதில் என்னென்ன வரும் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. வீட்டில் கணவரோ நாத்தனாரோ கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறார் என்றால் அது அவர்கள் உரிமை. நீங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு, பிரசார நாட்களில் அவர்களோடு தெருவில் நடக்காமல் இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் தெருச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்று மிகத் துல்லியமாகத் தெரிந்தவர் யார்? தினமும் காலையில் அங்கே வருகிற தூய்மைப் பணியாளர். எந்த வீட்டுக் கழிவு நேராக மழைநீர் வடிகாலில் விழுகிறது, எந்த மூடிக்குக் கீழே கட்டடக் கழிவு கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களும் உள்ளாட்சி ஊழியர்களே, அவர்களும் இந்த ஊர் வாக்காளர்களே. ஆனால் பகுதி சபாவில் அவர்களுக்கு நாற்காலி போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. சங்கக் கூட்டத்துக்கு அவர்களை அழையுங்கள், பேசச் சொல்லுங்கள். அவர்கள் வேலை நேரம் அதிகாலையில் தொடங்குவதால் கூட்டத்தை இரவு ஒன்பதுக்கு வைக்காமல் மாலையில் வையுங்கள். அவர்கள் குடியிருக்கும் பகுதியிலும் சபா கூடுகிறதா, அங்கே தெருவிளக்கும் குடிநீரும் பற்றி யாராவது கேட்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. சங்கம் தொடங்கியதும் முதலில் வருகிற யோசனைகளில் ஒன்று, "நாமே ஆள் வைத்து அடைப்பை எடுத்துவிடலாம்" என்பது. பாதாளச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஒரு மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன சங்கமும் பொறுப்பு. சட்டத்தை விடுங்கள், விஷவாயு தாக்கி ஒருவர் இறந்தால் அந்தத் தெரு அதற்கப்புறம் எப்படித் தூங்கும்? அந்தக் கூட்டத்தில் "கூடாது, இயந்திரம் வரட்டும்" என்று உரத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் சங்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வடிகாலோடு உங்கள் பங்கு முடிந்துவிட வேண்டியதில்லை. பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம், 2009. பல பள்ளிகளில் அம்மாக்கள் குழுவில் இருக்கிறார்கள், ஆனால் தலைமை ஆசிரியர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதைத் தீர்மானமாக எழுதி, எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்த ஒரு அம்மா உள்ளே இருந்தால் நிலைமை மாறும். கூட்டம் பெரும்பாலும் வேலை நாள் பிற்பகலில் வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவிப் போகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

பொது நூலகத்தின் வாசகர் வட்டம் இன்னொரு நல்ல இடம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியை வசூலிப்பது நம் அலுவலகம்தான். அந்தப் பணத்தில் வாழும் கிளை நூலகத்துக்கு மாலை நேரத்தில் போய் உட்கார்ந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அலுவலகத் தமிழில் விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தால் அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரத்த தானமும் அப்படித்தான். 18 வயது முதல் 65 வயதுவரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், உடல்நலம் சரியாக இருந்தால் கொடுக்கலாம். பெண்கள் 4 மாத இடைவெளியிலும் ஆண்கள் 3 மாத இடைவெளியிலும். சாதிச் சங்கம், மத அமைப்பு ஆகியவற்றில் பொறுப்பு ஏற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு சான்றிதழ் கேட்டு உங்கள் மேசைக்கு வருகிறவர் உங்களை நம்பி வர வேண்டும்.

உங்கள் மேலாளரிடம் என்ன சொல்வது? வாதம் செய்ய வேண்டாம். மேலே சொன்ன கடிதத்தை அவர் கையில் கொடுத்து, "சார், எதுக்கும் ரூல்படி எழுத்துலயே கேட்டுக்கறேன், பார்த்துட்டு அனுப்பி வைங்க" என்று சொல்லுங்கள். அவருடைய பயம், தனக்குத் தெரியாமல் ஏதாவது நடந்து தன்னிடம் விளக்கம் கேட்பார்களோ என்பது. கடிதம் அவர் மூலமாகப் போகும்போது அந்தப் பயம் பாதி போய்விடும்.

கடைசியாக, தேர்தல் பணி பற்றி. நம் ஊழியர்களில் பலர் தேர்தல் நாளில் வேறு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஊராரை வாக்களிக்க வைத்துவிட்டு, தாங்கள் வாக்களிக்காமலே வீடு திரும்புகிறார்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில், உங்கள் வாக்கு உள்ள தொகுதியிலேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துப் பணிச் சான்று வாங்கினால் நீங்கள் பணிபுரியும் வாக்குச்சாவடியிலேயே வாக்களிக்கலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12 கொடுத்து அஞ்சல் வாக்கு. 2023இல் விதி மாறியபின் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக அனுப்ப முடியாது, அதற்கென்று வைக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். பயிற்சி வகுப்புக்குப் போகும் முதல் நாளே வாக்காளர் அட்டை நகலும், பட்டியலில் உங்கள் பாகம் எண், வரிசை எண்ணும் கையில் இருக்கட்டும். உங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்களில் பலருக்குத் தெரியாது.